வீட்டோடு கட்டிய சாய்ப்பு

புருஷன் பெண்டாட்டி சண்டைக்குப் பெரிய காரணம் வேண்டும் என்று யாராவது நினைத்தால், அவருக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று அர்த்தம். எனக்கும் என் கணவருக்கும் நடந்த மிகப் பெரிய சண்டை கால்களைப் பற்றியது. வாசலில் நிழலுக்கு ஒரு கொட்டகை போடவேண்டும். அது வீட்டைத் தொடாமல் நான்கு காலில் தனியாக நிற்கட்டும் என்றார் அவர். இரண்டு கால் போதும், மறுபக்கத்தை வீட்டுச் சுவரிலேயே சேர்த்து அடித்துவிடலாம் என்றேன் நான். யார் சொன்னது சரி என்பது இன்றுவரை முடிவாகவில்லை. அதை முடிவு செய்யப் போனதில் எங்கள் வீட்டுக்கு ஒரு சுவர் போனது.

ஜப்பான்காரன் வருவதற்கு முந்தைய காலம். ஜொகூரில் லாயாங் லாயாங் என்ற ஸ்டேஷனில் இறங்கி மாட்டு வண்டி பிடித்தால் எங்கள் ரப்பர் தோட்டம் வரும். என் கணவர் அங்கே சின்னக் கிராணி. ஆபீஸில் உட்கார்ந்து ஆள் கணக்கும் பால் கணக்கும் எழுதுகிற வேலை. பெரிய கிராணிக்குத் தோட்டம் கொடுத்த வீட்டில் முன்பக்கம் தாழ்வாரம் உண்டு, அதில் சாய்வு நாற்காலியும் உண்டு. சின்னக் கிராணிக்குக் கொடுத்தது பலகைச் சுவரும் தகரக் கூரையும். முன்னால் ஒரு கூடம், பின்னால் அடுப்படி, நடுவில் ஒரு அறை. வாசல் மேற்கே பார்த்தது. மத்தியானம் திரும்பிவிட்டால் கூடத்தில் அப்பளத்தைக் காட்டினாலே பொரிந்துவிடும். (கொஞ்சம் மிகைதான். ஆனால் ஒரு நாள் காட்டிப் பார்க்கலாமா என்று நான் யோசித்தது உண்மை.)

எங்களோடு என் நாத்தனார் தனபாக்கியம் இருந்தாள். மாமனாரும் மாமியாரும் போய்ச் சேர்ந்துவிட்டதால் அவளைக் கரையேற்றும் பொறுப்பு எங்கள் தலையில். நல்ல பெண். எதற்கெடுத்தாலும் சிரிப்பாள், அது ஒன்றுதான் குறை.

முதலில் அவளைப் பார்க்க வந்தவர்கள் நல்ல வெயிலில் வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா மரியாதைக்காகக் கம்பளிக் கோட்டு போட்டு வந்திருந்தார். கூடத்தில் உட்கார்ந்தார், விசிறினார், பேச்சு குறைந்தது. பாக்கியம் தட்டோடு வருவதற்குள் அப்படியே என் கணவரின் தோளில் சாய்ந்துவிட்டார். பாவம், அசதியில் தூங்குகிறார் என்று நினைத்து என் கணவரும் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். மயக்கம் என்று தெரிந்து தண்ணீர் தெளித்து எழுப்பினோம். அடுத்த வாரம் தரகர் பதில் கொண்டுவந்தார்.

"பொண்ணு நல்லாத்தான் இருக்கும்போல, ஆனா நாங்க பார்க்கவே இல்லன்னு சொல்றாங்க. அந்த அடுப்புக்குள்ள இன்னொரு தரம் வர முடியாதாம்."

பாக்கியம் இதற்கும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் காலத்தில் ஒரு வரன் தட்டிப்போனால் தோட்டம் முழுக்க அதைப் பற்றித்தான் பேச்சு. இன்னொன்றும் தட்டிப்போனால் தரகர் நம் தெருவுக்கே வரமாட்டார். வீட்டைப் பார்த்து ஒரு பெண்ணை வேண்டாம் என்பதா? அடுத்த முறை வருகிறவர்கள் குளுகுளுவென்று உட்கார்ந்து பெண்ணைப் பார்த்துவிட்டுத்தான் போகவேண்டும் என்று அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன்.

அடுத்த வரன் உலு திராம் பக்கத்திலிருந்து வந்தது. மாப்பிள்ளை வேலாயுதம், தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துக் கட்டுப் போடுகிற வேலை. அப்பா இல்லை. அம்மா அலமேலம்மாள் மிகக் கறாரானவர் என்றார் தரகர். ஆளும் நல்ல உயரம், நிலைப்படிகளில் குனிந்துதான் நுழைவார் என்ற தகவலும் வந்தது. நான் அதைக் கவனமாக மனதில் வைத்துக்கொண்டேன். கவனமாக வைத்துக்கொண்டதுதான் தப்பாகப் போயிற்று.

"வாசல்ல ஒரு பந்தல் போட்டுரலாம்," என்றார் என் கணவர். "நாலு கால் நட்டு, மேல அத்தாப்பு ஓலை. வீட்டைத் தொட வேணாம். தோட்டத்து வீடு. ஆணி அடிச்சா துரை கேப்பாரு."

"பந்தலுக்கும் வீட்டுக்கும் நடுவுல சந்து விழுமே, மழை பேஞ்சா?"

"கொஞ்சூண்டு சந்து."

"கூரைத் தண்ணி பூரா அந்தக் கொஞ்சூண்டு சந்துலதான் கொட்டும். பொண்ணு தட்டோட அதைத் தாண்டித்தான் வரணும். கோப்பி கொண்டுவர்றாளா, மழைத்தண்ணி கொண்டுவர்றாளான்னு அவங்க கேப்பாங்க."

"மழை பேஞ்சாத்தானே?"

ஜொகூரில் பிறந்து வளர்ந்த மனிதர் சொன்ன வார்த்தை இது.

முதல் முயற்சி அவருடையது. கடைத்தெருவில் பலகைக்கடை வைத்திருந்த ஆ சோங்கைக் கூட்டிவந்தார். ஆ சோங்குக்கு எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "போலே, போலே!" முடியும், செய்யலாம் என்று அர்த்தம். தனியாக நிற்கவேண்டும் என்று இவர் சொன்னார், போலே. வீட்டோடு சேர்த்துக் கட்டமுடியுமா என்று நான் கேட்டேன், அதுவும் போலே. யார் பக்கம் திரும்பிச் சொன்னாரோ அவர் ஜெயித்த மாதிரி இருக்கும்.

பந்தல் எழுந்தது. பார்க்க அழகாகவே இருந்தது என்று இன்றைக்கு ஒப்புக்கொள்கிறேன். (அன்றைக்கு ஒப்புக்கொள்ளவில்லை.) இவர் அதன் கீழே நின்று காலையும் மாலையும் மேலே பார்த்துப் பெருமூச்சு விட்டார். வாரம் முடிவதற்குள் ஒரு சாயங்காலம் காற்று அடித்தது. மரங்களெல்லாம் ஒரே பக்கம் தலை சாய்க்கிற காற்று. பந்தல் முதலில் லேசாகக் குதித்தது. பிறகு நான்கு காலையும் தூக்கிக்கொண்டு கிளம்பியது. நாங்கள் மூன்று பேரும் ஜன்னலில் நின்று பார்க்கப் பார்க்க, வேலியைத் தாண்டித் தோட்டத்து மாட்டுக் கொட்டகைக்கு முன்னால் போய் நிமிர்ந்து நின்றது. ஒரு ஓலைகூடக் கலையவில்லை. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் அதன் கீழே மாடுகள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. இவர் விரட்டிப் பார்த்தார். ஒன்றுகூட எழவில்லை. இவ்வளவு காலம் கழித்துத் தங்களுக்கும் ஒருவர் நிழல் போட்டுக் கொடுத்திருக்கிறார் என்ற முகத்தோடு இவரைப் பார்த்தன.

"இன்னும் ஆழமா நட்டிருக்கணும்," என்றார்.

"வீட்டோட சேர்த்துக் கட்டியிருக்கணும். வீடு பறக்குமா?"

பதில் இல்லை. பதில் இல்லாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது என் வழக்கம்.

மறுநாள் விடியற்காலை இவர் பெரட்டுக்கு, அதாவது ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுகிற இடத்துக்குக் கிளம்பினார். அவர் தலை மறைந்ததும் ஆ சோங்கை வரவழைத்தேன். ஓலை மாடுகளிடம் போய்விட்டதால் லாரிக்குப் போடுகிற பழைய தார்ப்பாய் ஒன்றை அவர் கொண்டுவந்தார். நீளமான சட்டம் ஒன்றைக் கூடத்தின் முன்சுவரில், கூரை விளிம்புக்குக் கீழே, குறுக்காக வைத்து அடிப்பது. எதிர்ப்பக்கம் இரண்டு கால் நடுவது. நடுவில் தார்ப்பாயை இழுத்துக் கட்டுவது. இதுதான் என் திட்டம். ஆ சோங் ஆணியை எடுத்தார். எனக்குத் திருப்தியாக இல்லை.

"இதைவிடப் பெரிசு இருக்கா?"

"போலே."

"அதைவிடப் பெரிசு?"

"அலமாக்!" என்று, ஐயோ என்கிற மாதிரி, வாயைப் பிளந்தார் ஆ சோங். ஆனாலும் கொடுத்தார். ரயில் தண்டவாளத்துக்கு அடிக்கலாம் போன்ற ஆணி. அவர் பாதி அடித்தார், சேலையைச் சொருகிக்கொண்டு மீதியை நான் அடித்தேன். ஒவ்வொரு அடிக்கும் கூடத்துக்குள் சாமி படங்கள் குதித்தன. இனி சூறாவளியே வந்தாலும் இந்தச் சட்டம் சுவரை விட்டு வராது என்று சட்டத்தைத் தட்டிப் பார்த்துச் சொன்னேன். நான் சொன்னது அப்படியே பலித்தது.

மத்தியானம் இவர் வந்து பார்த்தார். சுவரைப் பார்த்தார், ஆணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அதற்குமேல் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தார்ப்பாயைப் பார்த்தார்.

"மீனாட்சி, இதுக்குப் பேரு சாய்ப்பு. சாய்ஞ்சு இருக்கணும். இது மேசை மாதிரி தட்டையா இருக்கே?"

"சாய்ச்சா அந்தப் பக்கம் தாழும். அந்தம்மா உயரத்துக்குத் தலையில இடிக்கும். வந்த உடனே இடிச்சுக்கிட்டா சகுனத்துக்கு நல்லாவா இருக்கும்?"

"தண்ணி எப்படி ஓடும்?"

"மழை பேஞ்சாத்தானே?"

அவருடைய வார்த்தையையே அவருக்குத் திருப்பிக் கொடுத்த சந்தோஷத்தில் அன்றைக்கு எனக்குச் சாப்பாடுகூட இறங்கவில்லை.

அவர்கள் வந்த நாளில் வெயில் சுட்டெரித்தது. மாட்டு வண்டியிலிருந்து வேலாயுதம் இறங்கினார், தரகர் இறங்கினார், கடைசியாக அலமேலம்மாள் இறங்கினார், இறங்கினார், இறங்கிக்கொண்டே இருந்தார். அவ்வளவு உயரம். என் சாய்ப்புக்குள் தலை நிமிர்ந்தபடியே நுழைந்து பெஞ்சில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு மேலே பார்த்தார்.

"வழியெல்லாம் என்னா வெயிலு. இங்க வந்ததும் உசிரே வந்த மாதிரி இருக்கு. யாரு யோசனை இது?"

இவர் வாயைத் திறப்பதற்குள், "என்னோடதுதாங்க," என்றேன். இந்த அவசரத்துக்காகப் பிறகு நான் வருத்தப்பட்டேன்.

கூடத்துச் சுவருக்குப் பின்னால் பாக்கியம் நின்றிருந்தாள். பலகையில் மரக்கணு விழுந்து ஒரு ஓட்டை உண்டு. அதன் வழியாக மாப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள நானே அனுமதி கொடுத்திருந்தேன். சிரிக்கக்கூடாது என்பது நிபந்தனை. சிரிப்பு வந்தால் வாயில் போட்டுக்கொள்ள ஒரு அதிரசமும் கொடுத்திருந்தேன்.

பேச்சு நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது வானம் கறுத்தது. எங்கள் ஊர் மழை முன்னறிவிப்பு கொடுக்காது. ஒரு சொட்டு, இரண்டு சொட்டு என்ற பேச்சே இல்லை. மொத்தமாகக் கொட்டும். கொட்டியது.

"உள்ள போயிரலாமா?" என்று தரகர் எழுந்தார்.

"உக்காருங்க," என்றேன். "ஒரு சொட்டு விழாது. வீட்டோட சேர்த்துக் கட்டினது."

உண்மையாகவே ஒரு சொட்டும் விழவில்லை. வீட்டுக் கூரையில் விழுந்த தண்ணீரும் வானத்திலிருந்து விழுந்த தண்ணீரும் என் தார்ப்பாயில் வந்து சேர்ந்தன. அங்கேயே தங்கின. தட்டையாக இருந்த தார்ப்பாய்க்கு மெல்ல ஒரு தொப்பை விழுந்தது. கொஞ்ச நேரத்தில் அது பெரிய கிராணியின் தொப்பை அளவுக்கு வந்தது. பிறகு அதையும் மிஞ்சியது. அலமேலம்மாளின் கொண்டைக்கு மேலே அது தொங்கிக்கொண்டிருக்க, அவர் உலு திராம் மாரியம்மன் கோயில் திருவிழாவைப் பற்றி விவரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இவர் என் காதருகே வந்தார். "மேல பாரு."

"பார்த்துட்டேன்."

"உள்ள கூட்டிட்டுப் போயிரலாம்."

"அந்த அடுப்புக்குள்ளயா? முடியவே முடியாது."

குடையை எடுத்தேன். யாருக்கும் தெரியாமல் தொப்பையை மேலே தள்ளினால் தண்ணீர் வழிந்து வெளியே போய்விடும் என்பது என் கணக்கு. குடை முனையை வைத்து முழு பலத்தோடு தள்ளினேன். தண்ணீர் நகர்ந்தது. ஆனால் வெளியே போகவில்லை. ஒரு பக்கமாக உருண்டு போய், மறுபடி மொத்தமாகத் திரும்பி வந்தது. சுவர் ஒரு முறை முனகியது.

முதலில் அதைக் கேட்டவர் வேலாயுதம்தான். "எல்லாரும் எந்திரிங்க! வெளிய வாங்க!" என்று கத்தி, தரகரைப் பிடித்து இழுத்து முற்றத்துக்கு ஓடினார். நாங்களும் ஓடினோம். அலமேலம்மாள் நிமிர்ந்து எழுந்து முடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. என் கணவர் அந்த அம்மாள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வரும்போது தார்ப்பாய் கவிழ்ந்தது. தோட்டத்துக் குளத்தையே தூக்கி ஊற்றியது போல அத்தனையும் அவர்கள் இருவர் தலையில்.

நான் அடித்த ஆணிகளைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லவேண்டும். ஒன்றுகூடக் கழலவில்லை. சட்டம் பலகைகளை விடவேயில்லை. வீடுதான் பலகைகளை விட்டுவிட்டது. அடியில் கரையான் அரித்திருந்தது யாருக்குத் தெரியும்? கூடத்தின் முன்சுவர் முழுவதும் ஒரே பாய் போலச் சேர்ந்து, நிதானமாக, மரியாதையாக வெளிப்பக்கம் சாய்ந்து, காலியான பெஞ்சுகளின் மேல் படுத்துக்கொண்டது.

அந்த இடத்தில் பாக்கியம் நின்றிருந்தாள்.

குனிந்திருந்தாள். ஒரு கண்ணை மூடியிருந்தாள். ஓட்டைக்கு வைத்த மற்றொரு கண் ஓட்டை போனபிறகும் அதே இடத்தில் இருந்தது. வாயில் முழு அதிரசம். (சிரிப்பு வந்திருக்கிறது!) அவளுக்குப் பின்னால் சாமி படங்கள், கொடியில் காயும் துணிகள், அப்பால் அடுப்படி, கரிபிடித்த பானைகள், எல்லாம் கடை பரப்பியது போலத் தெரிந்தன. முற்றத்து மழையில் நின்றபடி மாப்பிள்ளை அவளைப் பார்த்தார். அவள் மாப்பிள்ளையைப் பார்த்தாள். மூடிய கண்ணைத் திறந்தாள். அவசரப்படாமல் அதிரசத்தை மென்று விழுங்கினாள்.

"வாங்க," என்றாள்.

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விட வேண்டும்போல் இருந்தது. ஆனால் வந்தவர்கள் மழையில் நனைகிறார்கள். இந்தச் சம்பந்தத்தையும் விட்டுவிட்டால் இந்தப் பெண் என்ன ஆவாள்? முந்தானையைப் பிழிந்து இடுப்பில் சொருகினேன். "உள்ள வாங்க, எல்லாரும் உள்ள வாங்க. பாக்கியம், துண்டு எடு, அடுப்புல கோப்பி வை!" என்று சத்தம் போட்டேன்.

சுவர் போனாலும் கதவு மட்டும் நிலையோடு தனியாக நின்றுகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் காலி. தரகர் சுவர் இருந்த இடத்தின் வழியாக நேராக உள்ளே நடந்தார். அலமேலம்மாள் அப்படிச் செய்யவில்லை. சொட்டச் சொட்டக் கதவருகே வந்து நின்றார். என் கணவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பிறகு ஓடிப்போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். அந்த அம்மாள் குனிந்து, வலது காலை எடுத்து வைத்து, முறைப்படி உள்ளே வந்தார்.

என் சேலைகளில் நல்லதாக ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அது அவருக்கு முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றுவிட்டது. அதோடு உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, இந்தச் சாய்ப்பு நீ கட்டினதா?"

"ஆமாங்க."

"ஆணி?"

"பாதி நான் அடிச்சதுங்க."

"அதுல எந்தப் பாதி விழுந்துச்சு?"

"ரெண்டு பாதியும் விழலைங்க. ஆணி எல்லாம் அப்படியேதான் இருக்கு."

அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. திரும்பி வெளியே பார்த்தார். சாரல் கூடத்துக்குள் அடித்துக்கொண்டிருந்தது. இவரும் வேலாயுதமும் சுவரின் ஆளுக்கொரு மூலையைத் தூக்கி நிறுத்தப் பார்த்தார்கள். ஆணிகளின் புண்ணியத்தில் சுவர் சட்டத்தோடு சேர்ந்து மகா கனமாக இருந்தது. அப்போது பாக்கியம், பட்டுச் சேலையோடு, தலையில் பூவோடு, நடுவில் போய்த் தோள் கொடுத்தாள்.

"அண்ணே, நீ அந்தப் பக்கம் தள்ளு. நீங்க கொஞ்சம் கீழ பிடிங்க. இன்னும் கீழ. கையை நசுக்கிக்காதீங்க, அப்புறம் கட்டுப் போட வேற ஆள் தேடணும்."

வேலாயுதம் சிரித்துவிட்டார். அவளும் சிரித்துவிட்டாள். சிரித்ததில் பிடி தளர்ந்து சுவர் மறுபடியும் படுத்தது. மூன்று பேரும் மழையில் நின்று விழுந்து விழுந்து சிரித்தார்கள். இரண்டாவது முறை தூக்கினார்கள், நின்றது. அடுப்படியிலிருந்த பெஞ்சையும் அரிசி மூட்டையையும் முட்டுக் கொடுத்தோம்.

கோப்பி குடித்து முடித்துவிட்டு அலமேலம்மாள் தொண்டையைச் செருமினார். தரகர் தலை குனிந்துகொண்டார். நான் பாக்கியத்தின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நானும் எத்தனையோ வீட்டுக்குப் பொண்ணு பார்க்கப் போயிருக்கேன். எல்லாரும் பொண்ணை மட்டும் ஒரு நிமிஷம் காட்டிட்டு உள்ள கூட்டிட்டுப் போயிருவாங்க. நீங்க அடுப்படி வரைக்கும் காட்டிட்டீங்க. இனிமே உங்ககிட்ட மறைக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல." கொஞ்சம் நிறுத்திவிட்டு மகனைப் பார்த்தார். வேலாயுதம் தன் கையில் பட்ட சிராய்ப்பைப் பார்த்துக்கொண்டு இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். "இவனும் வீட்டுல இப்படிச் சிரிச்சு நான் பார்த்ததில்ல. நல்ல நாள் பாருங்க."

என் கணவர் சந்தோஷத்தில் சுவரில் சாயப் போனார். எல்லாரும் ஒரே குரலில், "சாயாதீங்க!" என்று கத்தினோம்.

துரை மறுநாள் வந்து பார்த்தார். காற்றில் விழுந்தது என்று என் கணவர் சொன்னார். துரை என் ஆணி ஒன்றை விரலால் தொட்டுப் பார்த்து, இவ்வளவு பெரிய ஆணியைத் தோட்டத்தில் யாருக்கும் கொடுத்ததில்லையே என்றார். பிறகு ஆள் அனுப்பிச் சுவரைச் சரிசெய்தார். இனி யாரும் தோட்டத்து வீடுகளில் எதையும் சேர்த்துக் கட்டக்கூடாது என்று உத்தரவும் போட்டார். அதனால் கல்யாணப் பந்தல் இவர் ஆசைப்படி நான்கு காலில் தனியாக எழுந்தது. இந்த முறை கால்களை இடுப்பளவு ஆழத்தில் நட்டார். பந்தல் நகரவில்லை. முகூர்த்த நேரத்தில் மழை பிடித்தது. வீட்டிலிருந்து பந்தலுக்குப் போன ஒவ்வொருவர் தலையிலும், அந்தக் கொஞ்சூண்டு சந்தில், கூரைத் தண்ணீர் பூராவும் கொட்டியது. எங்கள் நான்கு கால், இரண்டு கால் சண்டை தெரிந்த சம்பந்தியம்மாளும் தலையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"வாயைத் திறக்காத," என்றார்.

நான் திறக்கவில்லை. இவரை மட்டும் ஒரு பார்வை பார்த்தேன்.

அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் யாராவது சுற்றி வளைத்துப் பேசினால், "சுவரைக் கழட்டிட்டுப் பேசு" என்பது வழக்கமாகிவிட்டது. பாக்கியத்துக்கும் வேலாயுதத்துக்கும் சண்டை வந்தாலும் இதே வார்த்தைதான், சமாதானம் ஆனாலும் இதே வார்த்தைதான். போன வருஷம் என் மகனுக்குப் பெண் பேசப் பெண்ணின் அப்பா வந்திருந்தார். மிகவும் நாசூக்கானவர். இழுத்து இழுத்துப் பேசினார், எதையோ கேட்க நினைத்துத் தயங்கினார். என் மகனுக்குப் பொறுக்கவில்லை. "மாமா, பரவால்ல லா, சுவரைக் கழட்டிட்டே பேசலாம்," என்றான். அந்த மனிதர் சட்டென்று திரும்பித் தனக்குப் பின்னாலிருந்த சுவரைப் பார்த்தார். பிறகு எழுந்து, நாற்காலியைத் தூக்கிக் கூடத்தின் நட்டநடுவில் போட்டு உட்கார்ந்துகொண்டார்.